ஏழில் நூறு

ஜூலை 4, செவ்வாய்

ஜெபசிங்கின் இடது கை விரல்கள் மூன்றை வெட்டியது கம்பெனிதான். யார் கேட்டாலும் இதையே சொல்வேன். இதில் இரண்டு பேச்சு இல்லை.

நாளைக்கே கதையை மாற்றிவிடுவார்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஒரகடத்தில் கார் கதவுக்கு உள்தகடு அடிக்கிற கம்பெனி எங்களுடையது. காலை ஷிஃப்ட், ஆறிலிருந்து இரண்டு வரை. பதினான்காம் பிரஸ்ஸில் ஜெபசிங், பதினைந்தில் நான். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே இருக்க வழியில்லை. அதுதான் பாதுகாப்பு. சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், சிரிக்கிற தொழிலாளி படம்.

அந்தப் படத்தில் இருக்கிறவன் மாதிரி வேலை செய்தால் ஷிஃப்டுக்கு மூவாயிரம் தகடு வரும். டார்கெட் நாலாயிரம். அதனால் இடது பட்டனை அமுக்கி, அது மேலே வராதபடி ஓரத்தில் ஒரு சின்னக் கட்டையைச் செருகிவிடுவோம். அதற்கு லைனில் ஆப்பு என்று பெயர். ஆளுக்கு ஒன்று பாக்கெட்டில் இருக்கும். அதை வைத்துவிட்டால் இடது கை தகட்டோடு இருக்கலாம், வலது கையால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தது சூப்பர்வைசர் கோதண்டம் சார். ஆடிட் வருகிற அன்று மட்டும் எடுக்கச் சொல்வார்.

எங்கள் லைனில் ஆப்பு வைக்காத ஒரே ஆள் ஜெபசிங். இரண்டு கையையும் போட்டே மூவாயிரத்து எண்ணூறு எடுப்பான். கை அப்படி.

இன்று ஒன்பது ஐம்பதுக்கு டீ குடித்துவிட்டு வந்தான். மெஷின் முன்னால் நின்றான். முதல் தகடு. வழக்கமான சத்தம்தான் கேட்டது, எதுவும் வித்தியாசமாக இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்து "ஏல" என்றான். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் போய் முப்பத்தைந்து நிமிடத்தில் லைன் மறுபடி ஓடியது.

டீ நேரத்தில் அவன் மெஷினை நான் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம். லைன் நிற்கக்கூடாது என்பதால் ஒருவர் மெஷினை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். அதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 5, புதன்

தண்ணீர் கேன்காரர் வந்தார். "உங்க ரூம்மேட் எங்கப்பா?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜெபசிங்கின் லுங்கி கொடியிலேயே கிடக்கிறது. அவன் நாசரேத் பக்கம். பன்னிரண்டு வயதிலிருந்து சர்ச்சில் டிரம்ஸ் வாசித்தவன். நான் ஆரணி. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரு சீனியரின் உடைந்த செட்டில் கற்றுக்கொண்டேன். பதினோரு மாதம் முன்னால் கேன்டீனில் ஒருவன் தட்டில் ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தான். ஐந்து எண்ணுகிற தாளத்தில் போய், ஏழுக்கு மாறி, திரும்பி ஐந்துக்கு வந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆயிரத்து நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் ப்ராக் ராக் கேட்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், தாளம் நாலில் நிற்காது. நொண்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் விழாது. இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. அடுத்த வாரமே ஒரே அறை எடுத்தோம்.

இதைக் கேட்கிற மற்றவர்கள் நாங்களும் சேர்ந்திருக்கிற 'ஒற்றைப்படை' என்ற டெலிகிராம் குரூப்பில் இருக்கிறார்கள். முந்நூறு பேர். அடையாறு, பெசன்ட் நகர், கொஞ்சம் பெங்களூர். இந்த மாதம் அங்கே பெரிய போட்டி நடக்கிறது: ப்ராக் ராக்கில் ஆகச் சிறந்த டிரம்மர் யார். பதினாறு பேரில் ஆரம்பித்து ஓட்டுப் போட்டு நாலு பேருக்கு வந்திருக்கிறது. ப்ரூஃபோர்ட், பீர்ட், கேரி, ஹாரிசன். ஜெபசிங் ப்ரூஃபோர்ட் கட்சி. நான் பீர்ட்.

குரூப் அட்மின் விஷால் இன்று தனியாகச் செய்தி அனுப்பியிருந்தான். "ப்ரோ, அந்த பிரஸ் சவுண்ட் ரெக்கார்ட் பண்ணித் தரேன்னீங்களே, ஆல்பம் இன்ட்ரோவுக்கு வேணும்." ஜெபசிங்குக்கு விபத்து என்று பதில் போட்டேன். அழுகிற முகம் ஒன்று வந்தது. பிறகு, "எப்ப முடியுமோ அப்ப அனுப்புங்க."

வேலைக்குப் போனேன். பதினான்கில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு ஆள் நிற்கிறார். மெஷினை நன்றாகக் கழுவியிருக்கிறார்கள். கோதண்டம் சார் லைன் முழுக்க நடந்து, "ஆப்பெல்லாம் எடுத்துருங்கடா. இன்ஸ்பெக்டர் வராரு" என்றார். ஆளாளுக்குப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள்.

என்னுடையது பாக்கெட்டில் இல்லை. எங்கேயாவது விழுந்திருக்கும்.

ஜூலை 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். இடது கை முழுக்கக் கட்டு. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் இல்லை. ஸ்நேர் டிரம்மில் மெல்லிசாக, காதுக்குக் கேட்டும் கேட்காத மாதிரி அடிகளை வைக்கிற கை அது. எனக்கு எத்தனை வருடம் ஆனாலும் வராது.

"வந்துட்டியால? ஓட்டு எப்படிப் போவுது?" என்றான். முதல் கேள்வியே அதுதான்.

"பீர்ட் முன்னாடி கீறாரு."

"வெக்கங்கெட்ட பயலுவ." "குரூப்ல ஒருத்தன் ஒத்தக் கையில டிரம்ஸ் வாசிக்க ஆளு வீடியோ அனுப்பிருக்கான், பாத்தியா? தைரியமா இருன்னு. ஏல, அந்தாளு ப்ராக்கே கெடையாதுல."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"தணிகா, ஒண்ணு கேக்கேன். எனக்குப் புரியவே மாட்டேங்கு. நான் எப்பவுமே ரைட்டை முதல்ல பட்டன்ல வச்சிருவேன். லெஃப்டு தகட்ட நேராக்கிட்டுக் கடைசியா வரும். லெஃப்டு அமுக்காம இறங்காதுல்லா, அந்தத் தைரியம். அப்படித்தான எனக்கு ஸ்பீடு கெடைக்கி? அன்னைக்கும் லெஃப்டு உள்ளதான் இருந்துச்சு. பட்டனத் தொடவே இல்ல. எப்படில இறங்குச்சு?"

"பழைய மெஷின்டா. தானா இறங்கிருக்கும்."

"அப்படி ஆவுமா?"

"ஆவும்."

பழைய பிரஸ்ஸில் அப்படி ஆவது உண்டு. சூளகிரியில் ஒருவருக்கு ஆனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சொன்னது பொய் இல்லை.

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பினேன். ஒரகடம் வருவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஜூலை 8, சனி

பதினான்காம் பிரஸ்ஸுக்கு மேலே இருக்கும் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இன்று பதினோரு முறை பார்த்தேன். எரிகிறது. எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தமில்லை.

ஜூலை 9, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். அவனுடையதையும். அரிசி வடித்தேன், குழம்பு வைக்கத் தோன்றவில்லை.

குரூப்பில் இன்று இருநூறு செய்திகள். பீர்டும் ப்ரூஃபோர்டும் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். பீர்ட் பற்றி ஒருவன் எழுதியிருக்கிறான்: "அவ்வளவு துல்லியம், மெஷின் மாதிரி." இருபத்தெட்டு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். மெஷின் மாதிரி என்று பாராட்டுகிற ஒருவனும் மெஷின் முன்னால் நின்றதில்லை. நின்றிருந்தால் அந்த வார்த்தையை வசவாகத்தான் பயன்படுத்துவான். மாதம் ஏதாவது ஒரு பிரஸ் லைனில் ஒரு விரல் போகிறது இந்தப் பக்கத்தில். கார் வாங்குகிறவன் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, சத்தம் நல்லா இருக்கு என்கிறான்.

இதைக் குரூப்பில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் இதே அறையில் நாங்கள் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன்.

"முப்பது டிரம்ம சுத்தி வச்சிக்கிட்டு நடுவுல உக்காந்தா திறமையால? அப்ப பாத்திரக்கடைக்காரனெல்லாம் டிரம்மரா?" என்றான்.

"டேய், பீர்ட் உலகமே தலைல தூக்கி வெச்சி ஆடுன அப்புறம், நாப்பது வயசுக்கு மேல, ஒரு வாத்தியார்கிட்ட போயி ஸ்டிக்கு புடிக்கறதுல இருந்து திரும்பக் கத்துக்கினாரு. எவன் செய்வான்?"

"என் ஆளு ஒரு பாட்டு முழுக்கக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒரு அடி அடிக்கல. அடிக்காததுக்குப் பாட்டுல பேரு போட்டாங்க. எந்த இடத்துல அடிக்கக்கூடாதுன்னு தெரிஞ்சவந்தாம்ல டிரம்மர்."

"சும்மா உக்காந்தா டிரம்மர்னா கோதண்டம் சார்தான்டா உலகத்துலயே பெரிய டிரம்மர்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நாங்கள் ஒருநாளும் ஒருவரிடம் ஒருவர் தோற்றதில்லை. பதினோரு மாதத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூட "சரி, நீ சொல்வதுதான் சரி" என்று சொன்னதில்லை. சொன்னால் நட்பே போய்விடும் என்று நினைத்தோமோ என்னவோ.

அந்தச் சண்டையிலிருந்துதான் எங்கள் போட்டி வந்தது. பிரஸ்ஸை வைத்து ஏழு எண்ணுவது. அச்சு இறங்குகிற சத்தம் ஒன்று. அடுத்த முறை இறங்குவதற்குள் ஏழு தட்ட வேண்டும். அடுத்ததற்குள் இன்னொரு ஏழு. நடுவில் தகடு வைக்கணும், எடுக்கணும். விதி ஒன்றுதான். இரண்டு கையும் வேலையில் இருக்க வேண்டும், தாளம் ஷூவுக்குள் காலில். தப்பாமல் நூறு ஸ்ட்ரோக் போகிறவன் சொல்கிற ஆள்தான் சிறந்த டிரம்மர். ஜெபசிங் அறுபத்து நாலில் விட்டான். நான் முப்பதைத் தாண்டியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவன் டீக்குப் போன பத்து நிமிடத்தில் எனக்கு நூறு வந்தது. எப்படி வந்தது என்பது வேறு விஷயம். அவன் திரும்பி வரும்போது "நூறுடா, நூறு" என்று கத்தினேன். "போல, புளுவாத" என்று சிரித்துக்கொண்டே மெஷினில் போய் நின்றான்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. துணி எடுக்க வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

கேன்டீனில் கோதண்டம் சார் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் எங்களோடு சாப்பிட மாட்டார்.

"இன்னாடா, சோறு எறங்கலியா?"

"எறங்குது சார்."

சட்டைப் பாக்கெட்டிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்தார். மேஜைக்கு அடியில் பிரித்துக் காட்டினார். என்னுடைய ஆப்பு. பிளந்துபோன டிரம் ஸ்டிக்கின் அடிப்பாகத்தை நான் ரம்பத்தில் அறுத்துச் செய்தது.

"அன்னிக்கு அவனைத் தூக்கினதும் மொத வேலையா லெஃப்ட் பட்டன்ல இருந்து இத்த புடுங்கி உள்ள வெச்சேன். இல்லன்னா இன்னிக்கு நீ எங்க இருந்திருப்ப?"

"சார், நீங்கதானே சார் வெக்கச் சொன்னீங்க."

"எங்கனா எழுதிக் குடுத்தனா?" குரலை உயர்த்தவே இல்லை. சாம்பார் ஊற்றச் சொல்கிற மாதிரி பேசினார். "இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டாரு. பட்டன் நல்லா வேலை செய்யுது, மெஷின் நல்லா இருக்குது. அப்ப தப்பு யாராவது மனுசன் மேலதான இருக்கணும்? அவனும் டிரம்ஸ் வாசிக்கறவன்தானே. குச்சி அவனுதுன்னு சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா?"

சோற்றைப் பிசைந்தேன்.

"மேடம் ஒரு பேப்பர் குடுப்பாங்க. ரொம்ப படிச்சிக்கினு இருக்காத."

டிஷ்யூவை மறுபடி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார்.

கேமரா பற்றிக் கேட்க நினைத்தேன். தட்டைக் கழுவப் போனேன்.

ஜூலை 12, புதன்

ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் முன்னால் விரல்களைப் பார்க்கிறேன். பத்தும் பட்டன்மேல் இருந்தாலும் எண்ணுகிறேன். எண்ணி முடித்துத்தான் அமுக்குகிறேன். இன்று இரண்டாயிரத்து நூறுதான் வந்தது. பக்கத்தில் ஜார்க்கண்ட் ஆள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அமுக்குகிறார். அவருக்கும் யாரோ ஆப்பு கொடுத்துவிட்டார்கள். எட்டு நாள்தான் ஆகிறது.

அவரிடம் போய் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்தேன். கோதண்டம் சார் அந்தப் பக்கமாகவே நின்றார்.

அம்மா போன் செய்தாள். வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்களா என்று கேட்டாள். இந்த மாதம் தெரியும் என்றேன். "கைய பாத்துக்கோடா கண்ணு" என்றாள். எப்போதும் சொல்வதுதான். இன்று போனைக் கீழே வைத்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 14, வெள்ளி

ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். ஷைலஜா மேடம் டீ வரவழைத்தார். ஏ.சி. அதிகமாக இருந்தது. "உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தணிகாசலம். நல்ல ரிப்போர்ட்" என்றார்.

ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். லைனில் எல்லோரிடமும் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சோப்பு, முட்டை, பல்பு வாங்கினேன்.

ஜூலை 15, சனி

இன்று மாலை ஆறு மணிக்கு ஓட்டு முடிந்தது.

மதியம் ஜெபசிங் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து குரூப்புக்கு மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்பினான். பின்னால் டிராலி உருளுகிற சத்தம். வலியில் நடுநடுவே மூச்சு வாங்குகிறான். அடிக்காமல் விட்ட அடியைக் கேட்பவன் தானாக மனதுக்குள் அடித்துக்கொள்கிறான், அதனால் ப்ரூஃபோர்ட் வாசிக்கும்போது கேட்கிறவனும் வாசிக்கிறான், பீர்ட் வாசிக்கும்போது கேட்கிறவன் வேடிக்கை மட்டும்தான் பார்க்கிறான் என்று சொன்னான். முந்நூறு பேர் எழுதியதில் இதற்குப் பக்கத்தில் நிற்க ஒன்றுமில்லை. விஷால், "பயங்கர ஃபீல் ப்ரோ, உங்களுக்காக ஒரு ஷோ பண்றோம்" என்று போட்டான். பிறகு போய் பீர்டுக்கு ஓட்டுப் போட்டான்.

நான் ப்ரூஃபோர்டுக்குப் போட்டேன்.

பீர்ட் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். ஜெபசிங்குக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று போன் செய்து சொன்னேன். "நான் உன் ஆளுக்குத்தான் போட்டேன்டா. நீ சொல்றதுதான் சரி."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"என்னல சொன்ன?"

"ப்ரூஃபோர்டுக்கு போட்டேன்."

"ஏன்?"

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு."

"நான் நல்லா சொன்னா நீ அதவிட நல்லா திட்டுவ. எனக்காவ மாத்துத ஆளா நீ? வெரலு போனவன்னு பாவம் பாக்கியா?"

"இல்லடா."

"பின்ன?"

பின்ன என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுபது சதவீதம் இருந்தது.

ஜூலை 16, ஞாயிறு

மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 17, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜெபசிங்கும் அவனுடைய அக்கா புருஷன் தேவதாசனும். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். துணிகளை அவர் பையில் திணித்துக்கொண்டிருந்தார். ஜெபசிங் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தான். மெலிந்திருக்கிறான்.

"துணியெல்லாம் தொவச்சி வச்சிருக்க" என்றான்.

"ஆமா."

"இதப் படி." கம்பெனி கடிதம். பாதுகாப்பு விதியை மீறி இயந்திரத்தில் கட்டையைச் செருகிய குற்றத்துக்கு விசாரணை, வியாழன் காலை பதினொரு மணிக்கு. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். பின்னால் சாட்சி வாக்குமூலத்தின் நகல். ஜெபசிங் வழக்கமாக இடது பட்டனில் கட்டை செருகித்தான் வேலை செய்வார், பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை. கீழே என் கையெழுத்து. தாள் ஒன்றுதான் இருந்தது. லைனில் வேறு யாரும் போடவில்லை.

தேவதாசன் என்னிடம் நேராக வந்தார். "தம்பி, இந்தப் பேரோட வெளிய போனா இவனுக்கு எவன் வேல குடுப்பான்? கையும் போயி, திருட்டு வேல பாத்தவன்னு பேருமா?"

"அத்தான், விடுங்க" என்றான் ஜெபசிங்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அடிப்பான் என்றுகூட. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கம்பெனி மிரட்டியது, நான் என்ன செய்ய என்று கத்தியிருப்பேன். அவன் பிராக்டிஸ் பேடை மட்டும் வலது கையால் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். பலகையில் டயர் ட்யூபை இழுத்து ஆணி அடித்து நாங்கள் இரண்டு பேரும் செய்தது.

வாசலில் நின்று, "வியாழக்கிழம வருவேல்லா?" என்றான்.

"வரச் சொல்லிருக்காங்க."

"அதான், வா."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் கதவைத் தாழிட்டேன். பகல் மூன்று மணிக்கு எதற்குத் தாழ் போட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19, புதன்

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். போலீஸ் வருமா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. சொல்லாவிட்டால் அவன் போவான். கம்பெனிக்கு இரண்டும் ஒன்றுதான். இதை இன்று மெஷின் முன்னால் நின்று நூறு முறை யோசித்தேன்.

ஜூலை 20, வியாழன்

அறைக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. குழாயில் தண்ணீர் இல்லை. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். ஷைலஜா மேடம், கோதண்டம் சார், தட்டச்சு செய்ய ஒரு அக்கா. எதிரில் ஜெபசிங், தனியாக. நீல முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், சர்ச்சுக்குப் போடுவது. இடது கைப் பித்தான் கட்டுக்குமேல் போடமுடியாமல் தொங்கியது. மேஜை நடுவில் பிளாஸ்டிக் கவரில் என் ஆப்பு.

மேடம் என் வாக்குமூலத்தைப் படித்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

வக்கீல் ஜெபசிங்கைப் பார்த்தார். "சாட்சிய நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம். மரியாதையா கேக்கணும். வாடா போடான்னு கூடாது."

"சரிங்கய்யா" என்றான். என் பக்கம் திரும்பினான். "தணிகாசலம், நாலாந்தேதி டீ டைம்ல என் மெஷின்ல நின்னது யாருங்க?"

பதினோரு மாதத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கைகளை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"நான்."

"எத்தன ஸ்ட்ரோக் போட்டீங்க?"

"நூறு."

வக்கீல் நிமிர்ந்தார். "அவ்ளோ கரெக்டா எப்படித் தெரியும்?"

"எண்ணுனாருங்கய்யா" என்றான் ஜெபசிங். "நாங்க ரெண்டு பேரும் டிரம்ஸ் வாசிக்கவங்க. எங்களுக்குள்ள ஒரு போட்டி. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நடுவுல ஏழு தட்டணும். நூறு ஸ்ட்ரோக் தப்பாம போகணும். நான் அறுவத்தி நாலுல விட்டுட்டேன். இவரு நூறு போயிட்டாரு. நான் டீ குடிச்சிட்டு வந்ததும் இவரே சொன்னாரு."

"ஏம்பா, இதுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"சார், டைம் வேஸ்ட் பண்றான் சார்" என்றார் கோதண்டம் சார்.

"சம்பந்தம் இருக்குங்கய்யா. ஒரே கேள்விதான்." ஜெபசிங் என்னையே பார்த்தான். கோபமாக இல்லை. குரூப்பில் அனுப்பிய பதிவில் இருந்த அதே நிதானம், நடுவில் அதே மூச்சு. "அந்த ஏழ எதுல தட்டுனீங்க? கால்லயா, கையிலயா?"

தட்டச்சு செய்கிற அக்கா, "கால்லயா, கையிலயா" என்று அதையும் அடித்தார்.

"கால்லன்னா நீங்க என்னய விடப் பெரிய டிரம்மர். இங்க வச்சே ஒத்துக்கிடுதேன், குரூப்லயும் எழுதுதேன். கையிலன்னா, அந்தக் கை பட்டன்ல இல்ல." கட்டுப் போட்ட கையால் பிளாஸ்டிக் கவரை என் பக்கம் தள்ளினான். அது மேஜையில் கொஞ்ச தூரம் வந்து நின்றது. "அப்ப பட்டன்ல எது இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"மிஸ்டர் ஜெபசிங்" என்றார் மேடம்.

"ஒரு நிமிசம் மேடம். ஆப்பு வைக்கச் சொன்னது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க. லைன்ல எத்தன பேரு வைக்கோம், இப்ப பதினாலுல நிக்க அந்த வடக்கத்தி ஆளு வைக்காரா இல்லியா, எல்லாத்தையும் சொல்லுங்க. உங்க மேல மட்டும் போட்டுட்டுப் போவ நான் வரல. ஆனா உங்களுது உங்களுதுன்னு சொல்லணும்."

கோதண்டம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கை என் முழங்கையில் பட்டது. மேடம் என் ஃபைலைத் திறந்து வைத்தார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அக்காவின் பத்து விரலும் கீபோர்டின்மேல் நின்றன.

ஜெபசிங் காத்திருந்தான். பிறகு மறுபடி கேட்டான்.

"கால்லயா, கையிலயா? சொல்லுங்க, தணிகாசலம்."